மாந்தோப்பில் ஒரு நோட்டு

வணக்கமுங்க அண்ணா. பிளஸ் டூ முடித்த மகள், கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள். 'துறவியர் வாழ்வே இறைவாக்குப் பணி' என்று தியானத்தில் சொன்னார்களாம். எங்கள் பக்கத்து மடத்தில் நான் பார்ப்பது பள்ளிக்கூடமும் ஃபீஸ் ரசீதும்தான். இதில் இறைவாக்கு எங்கே?
ஒரு தகப்பன், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அண்ணா,

இறைவாக்கு என்பது குறி சொல்வது அல்ல, கடவுள் பேரில் அநியாயத்தைத் தட்டிக் கேட்பது. பைபிளில் வரும் இறைவாக்கினர் ஆமோஸ் ஆடு மேய்த்தவர். ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை விற்கிறீர்களே என்று கேட்டவர். அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னதும் பெத்தேல் கோயில் குருதான். துறவியர் கொடுக்கும் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குகளையும் அப்படிப் பேசுவதற்கான விடுதலையாகவே நான் பார்க்கிறேன். பிள்ளைக்குச் சேர்க்க வேண்டியதில்லை, தன் பேரில் ஒரு சென்ட் நிலமில்லை. அப்படிப்பட்டவளை எதைக் காட்டி மிரட்டுவது? இறைவாக்கினர் ஏழைகள் பக்கம் நிற்பவர்கள் என்று 2014இல் துறவியருக்கு எழுதிய மடலில் திருத்தந்தை (போப்) பிரான்சிஸும் சொன்னார்.

பெரும்பாவூர் பக்கம் புல்லுவழியில் பிறந்த சிஸ்டர் ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் வட்டிக்காரர்களிடம் சிக்கிய விவசாயிகளை ஒன்றுசேர்த்தார். 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் போகும் பஸ்ஸில் குத்திக் கொன்றார்கள். கொன்றவனுக்குச் சிறைக்கே போய் ராக்கி கட்டினார், ராணி மரியாவின் தங்கை; அவரும் கன்னியர். 2017இல் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். எனக்கு அவர் சாவைவிடப் பெரிதாகப் படுவது, அதற்கு முன்னால் அவர் உட்கார்ந்து பார்த்த வட்டிக் கணக்கு.

நம் பக்கத்திலும் ஒரு சிஸ்டரைப் பார்த்தேன். பேர் வேண்டாம், மடமும் வேண்டாம். முதலமடை மாந்தோப்பில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருப்பார். மாங்காய்ப் பால் பட்டு விரல் வெந்த பெண்கள் அன்றைய கூலியைச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்வார். ஒருத்தி கையை நீட்டினாள். பேனாவை வைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு மறுபடி எழுதினார். வாரக் கடைசியில் கங்காணி சொல்லும் தொகை நோட்டோடு ஒத்துப்போகாவிட்டால், நேரே போய்க் கேட்பார்.

அடுத்த ஜூனில் அவரை வெகுதூரம் மாற்றிவிட்டார்கள். தோப்புக் குத்தகைக்காரர்கள்தான் பள்ளிக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இன்றும் எனக்கு நெஞ்சு எரிகிறது. கீழ்ப்படிதல் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. அதை நன்கொடைக்காரர்களுக்காகப் பயன்படுத்தியது தவறு. பள்ளிக்கூடம் நடத்துவதில் எனக்குக் குறையில்லை. நாவைக் கட்டிப்போடும் கட்டடத்தில்தான் குறை.

மகளைத் தடுக்காதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம். நொவிசியேட் என்ற பயிற்சிக் காலம் குறைந்தது ஒரு வருஷம். பிறகு அந்த மூன்று வாக்குகளையும் கொடுக்கும் தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது மூன்று வருஷம். அதற்குப் பிறகுதான் ஆயுளுக்குமான நித்திய வார்த்தைப்பாடு. அதுவரை யோசிக்கலாம், திரும்பியும் வரலாம். சேரும் முன் மடத்தின் தலைவியான மதர் சுப்பீரியரை இருவருமாய்ப் போய்ப் பாருங்கள். குத்தகைக்காரர் வந்து உங்கள் ஆபீசில் உட்கார்ந்தால், நோட்டு எழுதும் சிஸ்டர் பக்கம் யார் நிற்பீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டாம், மகளே கேட்கட்டும்.