மிளகு விளையாத கரையில் கோட்டை எதற்கு?

அன்புள்ள ஐயா,

வாஸ்கோ ட காமா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். ஐரோப்பியர் மிளகுக்கும் கிராம்புக்கும்தானே வந்தார்கள்? மிளகு கேரளத்தில், கிராம்பு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். இரண்டும் விளையாத நம் கரையில் பழவேற்காடு, தரங்கம்பாடி, எங்கள் ஊர் என்று வரிசையாக ஏன் கோட்டை கட்டினார்கள்?

ம., நாகப்பட்டினம்

அன்புள்ள ம.,

துணிக்காக.

1498இல் காமா கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்கு எடுத்துவைத்த பரிசைப் பாருங்கள். கோடுபோட்ட துணி, தொப்பிகள், பவளச் சரங்கள், கைகழுவும் பாத்திரங்கள், கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்று பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆசியச் சந்தையில் விலைபோகிற சரக்கு ஐரோப்பாவிடம் அதிகம் இல்லை. வெள்ளியைக் கொட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது.

மலுக்குத் தீவுகளில் வெள்ளியைவிடத் துணிக்குத்தான் மதிப்பு. அதுவும் நம் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன துணி. சாயவேரில் தோய்த்த சிவப்பு துவைத்தாலும் மங்காது. சில தீவுகளில் அவற்றைக் குலச்சொத்தாகவே தலைமுறைகளாகக் காத்தார்கள். ஆனால் ஒரு தீவில் ஆசையாக வாங்கும் கட்டம் அடுத்த தீவில் விலைபோகாது. நீளம், நிறம், கரை எல்லாம் அவரவர் கேட்டபடி இருக்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்து மலாக்காவுக்குச் சரக்கேற்றிய நம் வணிகர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. தறிக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து, சொன்ன மாதிரி நெய்து வாங்குவார்கள்.

1602இல் தொடங்கிய டச்சுக் கம்பெனி இந்தக் கணக்கைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. நம் கரை மலுக்குத் தீவுகளின் இடது கை, இங்கிருந்து துணி போகாவிட்டால் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்று 1612இல் அந்தக் கம்பெனியின் அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் எழுதினார். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு சாந்தோம் போர்ச்சுக்கீசியர்கள் பழவேற்காட்டு டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். 1613இல் அங்கே டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. தரங்கம்பாடிக்கு டேனியர் 1620இல் வந்தார்கள். உங்கள் ஊரை டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658இல் பிடித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜாதிக்காய்க்காக 1621இல் பண்டா தீவு மக்களைக் கொன்று, மிஞ்சியவர்களை விரட்டியதும் இதே கம்பெனிதான். பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். கெல்ட்ரியா கோட்டையைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் எனக்கு இந்தக் கப்பல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

மலேசியாவில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், அங்கே ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். 'கைன் பெலிக்காட்' என்பார்கள். கைன் என்றால் துணி. பெலிக்காட் நம் பழவேற்காடு.