நேர்காணலில் "ஒரே நேரத்தில் பல பொறுப்புகளை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வியால் எனக்கு ஒரு வேலை கைநழுவியது. அதே கேள்வியால்தான் இப்போது இருக்கும் வேலையும் கிடைத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்களும் என்னைப் போல ஒரு சின்ன கம்பெனியில் மூன்று பேர் வேலையைத் தனியாகப் பார்த்துவிட்டு, பெரிய இடத்துக்கு மாற முயல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் கணக்கு பார்த்தேன். கணக்கு என்பது பெயருக்குத்தான். டேலி சாப்ட்வேரில் பில் போடுவது, வாரச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., லாரியில் சரக்கு போகத் தேவையான இ-வே பில், பாக்கி வைத்த பார்ட்டிகளுக்கு போன் என்று எல்லாமே என் மேஜைக்கு வரும்.

முதல் நேர்காணல் கோயம்புத்தூரில். இந்தக் கேள்வி வந்ததும், "எனக்கு அது பழக்கம்தான் சார், எல்லாத்தையும் முடிச்சிடுவேன்" என்றேன். அவர் விடவில்லை. "எதையாவது தள்ளி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். பொய். கணக்கு வேலை தெரிந்த யாருக்கும் அது பொய் என்று தெரியும். அதற்குப் பிறகு சம்பளம் பற்றிக்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த நேர்காணல். அங்கே ஒரே ஒரு நாளில் நடந்ததை மட்டும் சொன்னேன். 2021 டிசம்பர் 11, சனிக்கிழமை. நவம்பர் மாத விற்பனை பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்ன் போட அன்றுதான் கடைசி நாள். சனிக்கிழமை என்பதால் நாற்பது பேருக்கு வாரச் சம்பளம் போட வேண்டும். அந்த வாரம் பாதிப் பேர் ஒன்றரை ஷிப்ட் ஓட்டியிருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். இதற்கு நடுவில் மதியம் இரண்டு மணிக்கு ஓனர் வந்து, மும்பை லோடு இன்றைக்கே ஏற வேண்டும், பில் போடு என்றார்.

பத்து நிமிஷம் யோசித்தேன். சம்பளத்தைத் தள்ள முடியாது. சனி சாயங்காலம் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் அவர்கள் மளிகைக் கடைக்குப் போவார்கள். ரிட்டர்னையும் தள்ள முடியாது. 11-க்குள் நாம் ஏற்றினால்தான் 14-ம் தேதி சரக்கு வாங்கிய பார்ட்டியின் 2பி-யில், அதாவது அவர்கள் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் ஜி.எஸ்.டி. பட்டியலில், நம் பில் தெரியும். தெரியாவிட்டால் அந்த வரியை நமக்குத் தரவேண்டிய பணத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட 15 வரை நேரம் இருந்தது, அதைத் திங்கட்கிழமைக்கு எடுத்து வைத்தேன். மிச்சம் லோடு. பெட்டிக் கணக்கே இன்னும் பேக்கிங்கில் முடியவில்லை. அவசரத்தில் இ-வே பில்லைத் தப்பாகப் போட்டு வழியில் வண்டியை நிறுத்தினால், அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும்.

ஓனரிடம் போய், "அண்ணா, சம்பளமும் ரிட்டர்னும் இன்னைக்கே முடியும். லோடு திங்கட்கிழமை காலையில போகட்டும், பார்ட்டிகிட்ட நானே பேசறேன்" என்றேன். அவருக்குக் கோபம்தான். இருந்தாலும், "சரி, நீயே பேசும்மா" என்றார். பார்ட்டி முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு ரிட்டர்ன் போனது, ஆறரைக்குச் சம்பளம் கொடுத்து முடித்தோம்.

அந்த அவசரத்தில் ஒரு பில் ரிட்டர்னில் விட்டுப்போனது. அதையும் நேர்காணலில் சொன்னேன். மேடம் ஒருவர், "எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். 15-ம் தேதி பார்ட்டியின் கணக்காளர் போன் செய்தபோதுதான் தெரிந்தது, அடுத்த மாத ரிட்டர்னில் சேர்த்தேன், அதுவரை வரிப் பணத்தை அவர்கள் நிறுத்தி வைத்தார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அதன் பிறகு ரிட்டர்ன் போடுவதற்கு முன் பில் நம்பர் வரிசையை ஒருமுறை சரிபார்க்க ஆரம்பித்ததையும் சொன்னேன். அதற்குப் பின் அரை மணி நேரம் வேலையைப் பற்றித்தான் பேசினோம். வேலை கிடைத்தது.

அவர்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, நீங்கள் எதை முதலில் எடுத்தீர்கள், எதைத் தள்ளினீர்கள், தள்ளியதை உரியவரிடம் நேரத்துக்குச் சொன்னீர்களா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். நாள், தேதி, மணியோடு சொன்னால் நம்புவார்கள். எச்.ஆர். வேலையில் இருப்பவர்கள், தப்பை எல்லாம் நேர்காணலில் சொல்லலாமா என்று கேட்கலாம். எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சூழல், பணி, செயல், விளைவு என்று பிரித்துச் சொல்லும் ஸ்டார் முறையையும் குறை சொல்லவில்லை. ஆனால் மனப்பாடம் செய்த பதிலில் அடுத்த கேள்விக்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது. எனக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று. இது நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய கம்பெனியில் சேரும்போது என் பி.காம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டபோது அதைத் திரும்ப வாங்க ஏழு வாரம் நடந்தேன். ஓனர் ஊரில் இல்லை, சாவி இல்லை, அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். ஆறு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடச் சம்பளம் தாமதமாகாமல் பார்த்துக்கொண்டவளுக்கு இது நடந்தது. புது இடத்தில் நல்லவர்கள், காத்திருந்தார்கள். வேறு கம்பெனியாக இருந்தால் அந்த வேலையும் போயிருக்கும். சேரும்போது ஒரிஜினலைக் கேட்டால் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்து, ஒரிஜினலைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.