ஆறாவது கட்டைவிரல்

கேள்வி: பழைய நண்பர்கள் எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். வருடத்துக்கு இரண்டு சுற்றுலா, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கூட்டுப் பரிசு. என் பங்கை கிரெடிட் கார்டில்தான் போடுகிறேன். என் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்தால், கார்டில் 60 நிற்கிறது. வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் (குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டுகிறேன். தனியாக மாதம் 6 சேமிக்கிறேன். இப்போது குழுவே கிரிப்டோ வாங்குகிறது. ‘இந்த முறை என்னால் முடியாது’ என்று டைப் செய்தேன். சம்மதம் சொல்லும் ஆறாவது கட்டைவிரல் வந்து விழுந்ததும் அதை அழித்துவிட்டு நானும் விரல் வைத்தேன். (ஒருவர் மட்டும் மறுநாள்தான் வைத்தார், எப்போதுமே அப்படித்தான்.) கார்டிலேயே இன்னொரு 40 எடுத்துப் போட்டு, லாபத்தில் பழைய கடனை முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கிரிப்டோ நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. மாதம் 3 சதவீத வட்டியைக் கட்டாமல் விட்டால் வருடத்தில் 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதையும் மிஞ்சி லாபம் வந்தால்தான் உங்கள் கைக்கு ஏதாவது மிஞ்சும். குழுவில் லாப ஸ்கிரீன்ஷாட் நிறைய வந்திருக்கும், சரி. நஷ்ட ஸ்கிரீன்ஷாட் ஒன்றாவது வந்ததா? 1720இல் ஐசக் நியூட்டன் சவுத் சீ கம்பெனிப் பங்கை நல்ல லாபத்துக்கு விற்றுவிட்டு வெளியே வந்தவர்தான். விலை இன்னும் ஏறியதும் திரும்பவும் உள்ளே போய்ப் பெருந்தொகையை இழந்தார். அவருக்குத் தெரியாத கணக்கா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கிரிப்டோ இல்லை, அந்த அழித்த வரி. கடன் பிறக்கிற இடம் அதுதான்.

1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோடு காட்டப்படும். பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் அதே நீளமுள்ளது எது என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகின. கண் பொய் சொல்லவில்லை, தனித்து நிற்கத்தான் தயக்கம். பதிலை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

அதனால் உங்கள் தாளைக் குழுவுக்கு வெளியே வையுங்கள். பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் குழுவைத் திறந்தபடி பதில் போடாதீர்கள். முதலில் ஒரு நோட்டில் தொகையை எழுதுங்கள், அது சேமிப்பிலிருந்தா கடனிலிருந்தா என்று பக்கத்திலேயே குறியுங்கள். கடன் என்றால் பதில் முடிந்தது. காரணம் விளக்க வேண்டியதில்லை, ‘இந்த முறை நான் இல்லை’ போதும். விளக்கம் கொடுத்தால் ஏழு பேரும் தீர்வு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் கணக்கு. மினிமமாக 3 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அதில் 1.8 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 1.2 மட்டும். குழுச் செலவு சராசரியாக மாதம் 4 என்று வைத்தாலும், கடன் மாதாமாதம் கிட்டத்தட்ட 3 ஏறுகிறது. ஆகவே கார்டில் புதிதாக எதையும் போடாதீர்கள். சேமிக்கிற 6ஐயும் கொஞ்ச நாள் இதற்கே திருப்பி மாதம் 9 கட்டினால், எட்டு மாதத்தில் 60 தீரும். இவ்வளவு வட்டிக் கடனை வைத்துக்கொண்டு சேமிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

அப்புறம், அந்த மறுநாள் விரல் வைக்கும் நண்பர். ஆஷ் சோதனையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், தவறுகள் இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கின. உங்கள் நண்பரும் உங்களைப் போலவே எழுதி எழுதி அழிக்கிறாரோ என்னவோ. குழுவில் கேட்காதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.