இடது கையில் நாடி கிடைக்கவில்லை

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. ஆறு மாதமாக, துணி பிழிந்தாலே இடது கை சோர்ந்துபோய் வலிக்கிறது என்கிறாள். அந்தக் கையில் நாடியே கிடைக்கவில்லை. பிபி வலது கையில் 160, இடது கையில் 90. சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு 'டகாயாசு' என்றார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்க மாத்திரை தருகிறார்கள். ஏற்கெனவே மெலிந்த பெண். எதிர்ப்பு சக்தியைக் கூட்டத்தானே வேண்டும்?

- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கூட்ட வேண்டாம் அம்மா. உங்கள் மகளுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துபோகவில்லை. அது ஆள் தெரியாமல் சொந்த ரத்தக்குழாயையே அடித்துக்கொண்டிருக்கிறது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அதன் பெரிய கிளைகளும் தடித்த சுவர் கொண்டவை. அந்தச் சுவருக்கே ரத்தம் கொடுக்க, அதன் வெளியுறையில் மயிரிழை போன்ற குழாய்கள் உண்டு. டி செல் போன்ற வெள்ளணுக்கள் அந்த வழியாகச் சுவருக்குள் புகுந்து, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற ரசாயனங்களைச் சுரந்து மேலும் ஆட்களைத் திரட்டுகின்றன. சுவர் வீங்கி, உள்பக்கம் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகுகிறது. கொழுப்பு படிந்து வரும் அடைப்பு அல்ல இது. அதனால் எண்ணெய்ப் பலகாரத்தையோ, உங்கள் சமையலையோ குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். முதலில் தூண்டிவிட்டது எது என்பது இன்னும் பிடிபடவில்லை. காசநோய் மேல் வெகுகாலமாகச் சந்தேகம் உண்டு, நிரூபணமாகவில்லை.

இந்த நோய்க்குப் பெயர் தந்த டகாயாசு ஒரு ஜப்பானியக் கண் மருத்துவர். 1908-இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் வளையமாகப் பின்னிக் கிடந்ததைச் சொன்னார். இதே மாதிரி கண் கோளாறு உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் நாடி இல்லை என்று வேறு இரண்டு மருத்துவர்கள் சொன்னார்கள். 'நாடியில்லா நோய்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெரும்பாலும் 40 வயதுக்குள் உள்ள பெண்களுக்கே வருகிறது.

இப்போது முக்கியமான விஷயம். அந்த 90 உண்மையான பிபி இல்லை. குழாய் குறுகியதால் அந்தக் கைக்கு அழுத்தம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். யாராவது இடது கையில் பார்த்துவிட்டு "பிபி நார்மல்" என்றால் நம்பாதீர்கள். வலது கையில் அளக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் இந்த நோய் சிறுநீரகத் தமனிகளையும் அடிக்கடி பிடிக்கிறது. பிபி ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்கேனில் அவற்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

எதிர்ப்பு சக்தியை அடக்கத் தரும் மாத்திரைகளில் ஒன்று ஸ்டீராய்டு. அதைப் போட்டால் முகம் உப்பும், பசி கூடும். அதைப் பார்த்து பயந்து பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதே வேலைக்கான மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையைக் கொடுத்திருந்தால் அது வாரம் ஒரு முறை மட்டும். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. இந்த மாத்திரை இருக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. கல்யாணப் பேச்சு வந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி, நோய் அடங்கியபின் கர்ப்பம் தரித்து, நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர்.

அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி நார்மல் என்று வந்தாலும் சுவருக்குள் அழற்சி புகைந்துகொண்டிருக்கலாம். அதனால் சொன்ன தேதியில் மறு ஸ்கேனைத் தவற விடாதீர்கள். அப்புறம், பேச்சு குழறினாலோ, கண் திடீரென்று இருண்டாலோ, நெஞ்சு வலித்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.