பிலிப்பினோ இலக்கியம் என்றால் என்ன? அதன் செய்யுள், உரைநடை வகைகளைத் தமிழில் எளிமையாகச் சொல்ல முடியுமா?

இதைத் தமிழில் கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் யார் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸில் டவாவுக்கோ மணிலாவுக்கோ போய், முதலில் பி.எஸ். (மருத்துவத்துக்கு முன் படிக்கும் இளநிலைப் படிப்பு) வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். உடற்கூறியல் சொல்லித் தருவார்கள் என்று பார்த்தால் ஆவித், கொரிடோ, தனாகா என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்திருப்பார்கள். அல்லது அப்படிப் போன பிள்ளையின் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பீர்கள். நானும் டவாவில் படித்துவிட்டு வந்தவள்தான். இலக்கியத்தில் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. பேராசிரியர் யாராவது வந்து "இது மேலோட்டமான பதில்" என்று கீழே எழுதினால், ஆமாம் ஐயா, மேலோட்டமானதுதான்.

பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உரைநடை என்றால் சிறுகதை, நாவல், கட்டுரை, ஒரு பக்கக் கதை போன்ற டக்லி, அப்புறம் அலமாத். அலமாத் என்பது ஒரு பொருள் எப்படி உண்டானது என்று சொல்லும் கதை. அகப்பையைத் தேடத் தெரியாத சோம்பேறிப் பெண்ணைப் பார்த்து "உனக்கு உடம்பெல்லாம் கண் முளைக்கட்டும்" என்று அம்மா சபிக்க, அவள் அன்னாசிப் பழமாகிவிட்ட கதை அங்கே குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். செய்யுளைக் கதை சொல்லும் பாட்டு, உணர்ச்சிப் பாட்டு, நாடகப் பாட்டு, எதிரெதிராக நின்று வாதாடும் பாட்டு என்று பிரிப்பார்கள். தேர்வுக்கு இது போதும். ஆனால் இந்த இலக்கியம் காதுக்காக உண்டானது. உட்கார்ந்து படித்தால் பாதிதான் வந்து சேரும்.

எங்களுக்குப் பாடம் எடுத்த மேம் (அங்கே எல்லா ஆசிரியைகளும் மேம்தான்) பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பலகையில் நாலு வரி எழுதினார். பிரான்சிஸ்கோ பலாக்தாஸ் 1838-ல் வெளியிட்ட 'ஃப்ளோரான்தே அத் லௌரா'வின் முதல் பாட்டு. காட்டில் மரத்தோடு கட்டப்பட்டுக் கிடக்கும் ஒருவனின் கதை. ஸ்பானிய ஆட்சியில் இருந்துகொண்டு அநியாய ஆட்சியைப் பற்றி எழுதியவர், கதையை எங்கோ அல்பேனியாவில் கொண்டுபோய் வைத்தார். "ஸா இசாங் மடிலிம், கூபாத் நா மபங்லாவ்", அதாவது இருண்டு சோகம் கவிந்த ஒரு காட்டில். ஒவ்வொரு அசைக்கும் மேசையில் தட்டச் சொன்னார் மேம். நம் நேரசை, நிரையசைக் கணக்கு இங்கே இல்லை. ஓர் உயிரொலிக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆறு தட்டு, சின்னதாக ஒரு நிறுத்தம், மறுபடி ஆறு தட்டு. வரிக்குப் பன்னிரண்டு அசை, நாலு வரிக்கும் ஒரே இயைபு என்றால் அது ஆவித். வரிக்கு எட்டு அசை என்றால் கொரிடோ. தனாகாவில் நாலே வரி, வரிக்கு ஏழு அசை. இந்தப் பாட்டுகளின் மொழி தகலோக்; மணிலாப் பக்கத்து மொழி. 1754-ல் வந்த பழைய தகலோக் அகராதியிலேயே தனாகாவைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அந்த நாலு வரிகளும் மபங்லாவ், பகிதான், சிலாங், மசூகால் என்று முடிகின்றன. வ், ன், ங், ல். இதில் இயைபு எங்கே இருக்கிறது? கேட்டேன். தகலோக் கவிகள் மெய்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பார்களாம். க், த், ப், ஸ் போன்றவை வலுவானவை. ல், ம், ன், ங், ர், வ், ய் ஆகியவை மெலிவானவை. கடைசி உயிர் ஒன்றாக இருந்து, அதன்பின் வரும் மெய் ஒரே கட்சியைச் சேர்ந்ததாக இருந்தால் இயைபு சேர்ந்துவிட்டது. வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பக்கம் வல்லினம், இன்னொரு பக்கம் மெல்லினமும் இடையினமும்! நான் எழுந்து போய்ப் பலகையில் க ச ட த ப ற எழுதிக் காட்டினேன். மேம் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அதே சமயம் "பார்த்தீர்களா, தமிழிலிருந்துதான் போயிருக்கிறது" என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

கொரிடோவுக்கு 'இபோங் அடர்னா'வைப் படியுங்கள். நோயில் படுத்திருக்கும் அரசனைக் குணப்படுத்த ஒரு பறவையின் பாட்டு வேண்டும். அது ஏழு பாட்டுப் பாடும், கேட்பவன் தூங்கிவிடுவான், தூங்குகிறவன்மேல் அதன் எச்சம் விழுந்தால் கல்லாகிவிடுவான். அண்ணன்கள் இரண்டு பேரும் கல்லாகிப் போக, கடைசித் தம்பி டான் ஹுவான் ஒவ்வொரு பாட்டுக்கும் கையைக் கத்தியால் கீறி எலுமிச்சை பிழிந்துகொண்டு, அந்த எரிச்சலில் விழித்திருந்து பறவையைப் பிடிக்கிறான். இரவுப் பணியில் கண் சொருகும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும்.

இதெல்லாம் எனக்குக் கிடைத்திருக்கவே கூடாது. எங்களைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட், "பி.எஸ். எல்லாம் சும்மாம்மா, பேருக்கு ஒரு படிப்பு, தூங்கி எழுந்தா முடிஞ்சிரும்" என்றுதான் சொல்லி அனுப்பினார். புத்தகக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை வேறு வாங்கினார். ஒரு புத்தகமும் வரவில்லை. ரசீது கேட்ட அப்பாவிடம் "நம்பிக்கை இல்லையா சார்?" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். படித்து முடித்து ஊருக்கு வந்தால், கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா, "பிலிப்பைன்ஸ் டாக்டரா, ஊசி போடவாவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார். அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொன்னதே நான்தான். சரி, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுத உட்கார்ந்தால் வந்துவிடுகிறது.

காதுக்கான இலக்கியம் என்றேன். அங்கே துக்க வீட்டில் பல இரவுகள் விழித்திருப்பார்கள். காப்பி, பிஸ்கட், சீட்டாட்டம் என்று போகும். முன்பெல்லாம் தகலோக் பகுதிகளில் அந்த இரவுகளில் டூப்ளோ நடக்குமாம். யாரோ எதையோ திருடியதாகக் குற்றம் சாட்டி, பாட்டிலேயே வழக்காடுவது. அந்த வழியில் வந்ததுதான் பலாக்தாசன். பலாக்தாஸ் பெயரில் 1924-ல் மணிலாவில் தொடங்கியது. பட்டிமன்றம் மாதிரிதான், நடுவர்கூட உண்டு. ஆனால் பேசுவது முழுக்கச் செய்யுளில். ஹோசே கொராசோன் டி ஹெசூசும் புளோரென்டினோ கொல்யான்டெசும் மேடையில் மோதுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியிருக்கிறது. புனித வாரத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பஸ்யோனை முறைபோட்டுப் பாடுவார்கள்; ஐந்து வரி, வரிக்கு எட்டு அசை. எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்து ராத்திரியெல்லாம் பாடினார்கள். மறுவாரம் எனக்கு உயிர்வேதியியல் தேர்வு. அந்த மெட்டு இன்னும் மண்டையை விட்டுப் போகவில்லை.

மருத்துவ மாணவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், அங்கே கிடைக்கும் முதல் பதில் ஹோசே ரிசால். அவர் கண் மருத்துவர். பெற்ற தாயின் கண்புரையைத் தானே அறுவை செய்தவர். துறவிமார்கள் குடிமக்களை நசுக்கியதை ஸ்பானிய மொழியில் நாவலாக எழுதினார். 'நோலி மே தாங்ஹெரே' 1887-ல் பெர்லினில் அச்சானது. அதன் தொடர்ச்சி 1891-ல் பெல்ஜியத்தில். 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. அவர் வாழ்க்கையையும் எழுத்தையும் மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும் என்று 1956-ல் சட்டமே வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தும் நிற்கவில்லை. ஏஜென்ட் "சும்மா" என்றது இதைத்தான்.

பிறகு அமெரிக்கர்கள் வந்து ஆங்கிலப் பள்ளிகளைத் திறந்தார்கள். 1925-க்குள் பாஸ் மார்க்கெஸ் பெனிடெஸ் என்ற பிலிப்பினோ எழுத்தாளர் ஆங்கிலத்தில் நல்ல சிறுகதை எழுதிவிட்டார்.

பிலிப்பினோ என்றால் தகலோக் மட்டும் என்று நினைக்காதீர்கள். டவாவில் தெருவில் பேசுவது பிசாயா. இஃபுகாவோ மலையில் நெல் அறுக்கும்போது பெண்கள் ஹுத்ஹுத் பாடுவார்கள். தெற்கே மிண்டனாவோ தீவில் மரனாவோ முஸ்லிம்களின் தராங்கன் காப்பியம் 72,000 வரி நீளம். அவர்களிடம் 'மஹாராடியா லாவனா' என்று ஒரு கதையும் உண்டு. லாவனா வேறு யாருமில்லை, நம் இராவணன்தான். அங்கே நாயகன் வில்லை முறிப்பதில்லை, பிரம்புப் பந்தை உதைத்துப் பெண்ணை வெல்கிறான். இலட்சுமணன் என்ற பெயர் குரங்குக்குப் போய்விட்டது. இதை வெளிக்கொண்டு வந்த அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் இபோங் அடர்னா, பிறகு நோலியின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, ஃப்ளோரான்தே கடைசியில். தகலோக் தெரியாவிட்டாலும் ஃப்ளோரான்தேயை வாய்விட்டுப் படியுங்கள், மேசையில் தட்டிக்கொண்டே. மூன்றும் காப்புரிமை முடிந்த பழைய நூல்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகக் கட்டணம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.