கால்நடை கேள்வி – பதில்: குளத்து நத்தையும் தட்டைப்புழுவும்

கேள்வி: எங்கள் நாட்டுப் பசு மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் வருகிறது. மூக்கில் சளி ஒழுகுகிறது. ஊசி போட்டால் அடங்கி, சில மாதத்தில் திரும்பி விடுகிறது. அதே குளத்தில் கிடக்கும் எருமைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. (வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: அந்த எருமைகளைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் சொல்வது குறட்டை நோய் போலத் தெரிகிறது. சிஸ்டோசோமா நேசேல் என்ற தட்டைப்புழு மூக்குச் சவ்வின் ரத்தக்குழாய்களில் தங்கி முட்டையிடும். முட்டை தேங்கிய இடத்தில் சதை காலிஃபிளவர் போல வளர்ந்து மூச்சை அடைக்கும். சென்னை மாகாணத்து மாடுகளில் இதை ஆராய்ந்து 1933இல் பெயரிட்டவர் ராவ் என்ற கால்நடை ஆய்வாளர். நம் ஊருக்கு இது புதிய நோயல்ல.

எருமைக்கும் இந்தப் புழு வரும். ஆனால் பெரும்பாலும் சதை வளராது, குறட்டையும் கேட்காது. முட்டை மட்டும் சளியோடு குளத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அது பொரிந்து, தட்டையாகச் சுருண்ட பழுப்பு ஓடுள்ள இண்டோபிளானார்பிஸ் நத்தைக்குள் புகும். சில வாரம் கழித்து, வால் பிளந்த லார்வாக்களாக (புழுவின் இளம் பருவம்) நத்தையிலிருந்து வெளிவந்து, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குளத்து நீரைக் குடிக்காமல் தடுத்தால் மட்டும் போதாது, மாடு அதில் இறங்கவே கூடாது. கிணற்று நீரையோ குழாய் நீரையோ தொட்டியில் நிரப்பிக் காட்டுங்கள், குளிப்பாட்டுவதும் கரைமேல்தான்.

சிகிச்சைக்கு முன் மூக்குச் சளியை மருந்தகத்தில் கொடுங்கள். 10 சதவீதக் காரக் கரைசலில் சளியைக் கரைத்து, அடியில் படிவதை நுண்ணோக்கியில் பார்த்தால் முள்ளுள்ள வளைந்த முட்டை தெரியும். மூக்குக்குள் அட்டை ஏறியிருந்தாலும் இதே சத்தம் வரும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை நோய் உறுதியானால், ஆன்டிமனி என்ற மருந்து ஊசியை வாரம் ஒன்றாகத் தசையில் ஆழமாகப் போட வேண்டும், மேலாகப் போட்டால் அந்த இடம் வீங்கிப் புண்ணாகும். நீங்களே போட வேண்டாம். உருளைப்புழுவுக்குப் போடும் ஐவர்மெக்டின் தட்டைப்புழுவைத் தொடாது.

கேள்வி: குடற்புழு மருந்து தவறாமல் கொடுத்தும் செம்மறிகளுக்குத் தாடை வீங்குகிறது. புழுக்கையில் முட்டை இல்லை என்கிறார்கள். (வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: இது கல்லீரல் தட்டைப்புழுவாக இருக்கலாம். அது ஆட்டுக்குள் போய் முட்டையிடும் பருவத்தை எட்டவே சுமார் 3 மாதம் ஆகும். அதுவரை குஞ்சுப்புழு கல்லீரலைக் குடைந்துகொண்டிருக்கும், புழுக்கையில் எதுவும் தெரியாது. முட்டை வந்த பிறகும், வழக்கமான உப்புக்கரைசல் முறையில் அது மிதக்காது. கனமான முட்டை அது. தண்ணீரில் கரைத்து வடிகட்டி, படிய வைத்துப் பார்க்கும் முறையில் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்திலும் இதே சிக்கல்தான். ஆல்பென்டசோலும் ஆக்சிகுளோசனைடும் வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும். குஞ்சுப்புழுவுக்கு டிரைக்ளாபென்டசோல் வேண்டும்: செம்மறிக்கு உடல் எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம், மாட்டுக்கு 12. கண்மதிப்பில் ஊற்றாமல், பெரிய ஆடு ஒன்றை நிறுத்துப் பார்த்து அளவு வையுங்கள். குறைந்த அளவு கொடுத்துக்கொண்டே இருந்தால் மருந்துக்கு மசியாத புழுதான் மிஞ்சும். கறக்கும் மாடுகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

தாடை வீக்கம் எல்லாமே தட்டைப்புழு அல்ல. வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் உருளைப்புழுவாலும் வரும். ஆடு செத்தால் கல்லீரலை அறுத்து, பித்தக்குழாயைப் பிதுக்கிப் பாருங்கள். இலை போன்ற புழு வந்தால் சந்தேகமே இல்லை.

கல்லீரல் தட்டைப்புழு தோல் வழியாக வருவதில்லை. லிம்னியா என்ற நத்தையிலிருந்து வெளிவந்து, தண்ணீரோரப் புல்லிலும் நெல் தாளின் அடிப்பகுதியிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். ஈர வைக்கோலை அப்படியே போடாமல் 3 நாள் நல்ல வெயிலில் உலர்த்துங்கள். வாய்க்கால் ஓரத்துப் புல்லில் மேல்பகுதியை மட்டும் அறுங்கள்.

கேள்வி: குளத்தில் மயில்துத்தம் கரைத்து நத்தையைக் கொன்றுவிடலாமா? (வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: வேண்டாம். மீன் சாகும். செம்மறிக்கோ மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் கடும் விஷம். நத்தையின் முட்டைகள் தப்பிப் பிழைத்து மறுபடி பெருகும். ஆகாயத்தாமரையையும் கரையோரக் களையையும் அகற்றுங்கள். தென்னை ஓலைக் கட்டுகளை மாலையில் தண்ணீரில் போட்டு, காலையில் இழுத்து, ஒட்டிய நத்தைகளோடு வெயிலில் காய வையுங்கள். ரப்பர் கையுறை அவசியம். வாத்து விட்டால் நத்தையைத் தின்னும். வாய்க்காலை இடையிடையே காயப் போடுவதும் பலன் தரும்.

கேள்வி: நடவுக்கு இறங்கினால் முழங்கால் வரை அரிப்பும் சிவந்த தடிப்பும். இதுவும் நத்தையாலா? (வாசகி, கடலூர் மாவட்டம்)

பதில்: இருக்கலாம். சேற்றுப்புண் விரலிடுக்கில் வரும். இது தண்ணீர் பட்ட இடமெல்லாம் வரும். மாட்டுக்கான சிஸ்டோசோமா லார்வா தவறுதலாக மனிதத் தோலில் நுழைந்து அங்கேயே செத்துவிடும், அதன் ஒவ்வாமைதான் அரிப்பு. பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறும். சொறியாதீர்கள், சீழ் பிடிக்கும். கரையேறியதும் காலைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். தண்ணீர் தானாகக் காயும் நேரத்திலும் லார்வா உள்ளே நுழையும்.