அந்த மணி அடித்தபோதெல்லாம்...

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் லேப்டாப்பில் 'ஃபயர்' படம் பார்த்துக்கொண்டிருந்தாள். 1998-ல் தியேட்டரை உடைத்தார்களே, அந்தப் படமா என்று பதறிப்போய் மூடச் சொல்லிவிட்டேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உங்களுக்கு என்ன தோன்றியது?
- பெயர் வேண்டாம், தேனி

பதில்: பார்த்திருக்கிறேன். அந்தக் கலாட்டாவுக்கு அடுத்த வருஷம், வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில், கேசட்டை வாடகைக்கு எடுத்து, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பார்த்தேன்.

தீபா மேத்தாவின் அந்தப் படத்தை நம் சென்சார் வெட்டில்லாமல்தான் அனுமதித்திருந்தது. டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் சிவசேனாக்காரர்கள் தியேட்டருக்குள் புகுந்து கண்ணாடியை உடைத்தார்கள். படம் மறுபடி சென்சாருக்குப் போய், அப்போதும் வெட்டில்லாமலே திரும்பியது. ஒருவரையொருவர் விரும்பும் ஓரகத்திகளுக்கு ராதா, சீதா என்று பெயரா என எனக்கும் முதலில் கோபம்தான்.

ஆனால் அந்த வீட்டில் பேச்சிழந்து கிடக்கும் மாமியார் கையில் ஒரு மணி இருக்கிறது. அடித்தால் மருமகள் ஓடவேண்டும். என் மாமியார் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் டம்ளரால் தட்டுவார். பதினோரு வருஷம் அந்தச் சத்தத்துக்கு ஓடியிருக்கிறேன். படத்தில் மணி அடித்தபோதெல்லாம் என் உடம்பு தானாக எழப் பார்த்தது.

ராதாவின் கணவர் சாமியார் பேச்சைக் கேட்டுப் பிரம்மச்சரியம் காப்பவர். ஆசையை அடக்கிவிட்டோமா என்று சோதிக்க மனைவியைப் பக்கத்தில் படுக்கவைப்பார், தொடமாட்டார். பதிமூன்று வருஷமாக இப்படி. ராதாவாக நடித்த ஷபானா ஆஸ்மி அசையாமல் படுத்திருப்பார். அந்தப் பெண்கள் சேரும் காட்சியை ஊரே பேசியது. எனக்கோ கணவர் நடத்தும் இந்தச் சோதனைதான் ஆபாசமாகப் பட்டது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இருவர் கணவர்களும் சரியில்லை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்க படம் இடம் கொடுக்கிறது. என் ஹாஸ்டல் தோழி ஒருத்தி பின்னாளில் இதைச் சொல்லித்தான் வருத்தப்பட்டாள். "என்னை எந்த ஆம்பளையும் கொடுமைப்படுத்தல. நான் சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தான்" என்றாள். மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தும் அவளை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

மகளைக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து போடச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எதற்காக அதைத் தேடி எடுத்தாள் என்று அவளே சொன்னால், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.